கொற்றியின் கண் வழக்கில் முரசை நிறுத்திய ஓலை

ஏழு துறையும் இரு மலையும் தன் குடை நிழலில் கொண்ட நீலவரை நாட்டின் மன்னர், எளியோர் முறையீட்டுக்குச் செவி சாய்க்கும் கோவிளங்கீரனார் ஆணையின் வண்ணம், அவர்தம் பேரமைச்சர் விடங்கன் மாறையனார், கீழ்த்துறைக் கோட்டத்துக் காவலர் நக்கன் ஏறனார்க்கு விடுக்கும் ஓலை. நும் கோட்டத்தில் பருவம் தவறாது மழை பெய்க. நும் ஏரிகள் கரை தாங்குக. நும் மக்கள் நோயின்றி வாழ்க. நோயுற்று ஆதுலர் சாலைக்குப் போனவர், குணமாகாவிடினும் கெட்டுப் போகாமலேனும் வீடு திரும்புக. இந்தக் கடைசி வாழ்த்து பழைய ஓலைகளில் இல்லை. இவ்வாண்டு அதைச் சேர்க்க நேர்ந்ததே அமைச்சர்க்குப் பெரும் சலிப்பு.

நும் கோட்டத்தில் கோரைப்பாய் முடையும் கொற்றி என்பவள், தன் நாத்தனார் கைப்பிடித்து அழைத்து வர, தலைநகர் வந்து அமைச்சர் முன் நின்றாள். சிவப்பும் கறுப்புமாகக் கரை வைத்து அவள் முடைந்த பாய்கள் அரண்மனையிலும் விரிக்கப்பட்டவை. அவளுடைய இடக்கண்ணில் படலம் முற்றிப் பார்வை போயிருந்தது. வலக்கண்ணில் மெல்லிய மங்கல் இருந்தும், அதைக் கொண்டே அவள் நிறம் பிரித்துத் தொழில் செய்து வந்தாள். இடக்கண் படலத்தை நீக்கிக்கொள்ள நும் ஆதுலர் சாலைக்குப் போனவள், வலக்கண்ணையும் இழந்து வெளியே வந்தாள்.

நடந்ததை அமைச்சர் விசாரித்து அறிந்தார். கத்தி வைக்கும்போது நோயாளியின் முகத்தை வெள்ளைத் துணியால் மூடி, கத்தி பட வேண்டிய இடத்தை மட்டும் திறந்து வைப்பது அங்கே வழக்கம். துணி போர்த்தியவன் கொற்றிக்கு எதிரே நின்று போர்த்தினான். அவன் கைக்கு இடமாகப் பட்டது அவளுக்கு வலமாயிற்று. மருத்துவர் பூதனார் உள்ளே வந்தார், திறந்திருந்த கண்ணைப் பார்த்தார், ஊசியை எடுத்தார். யாரும் அவளை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அவள் சும்மா இருந்தாளா என்றால், இல்லை. துணிக்குள்ளிருந்து அவள் கத்தினாள். அதைக் கேட்கத்தான் அங்கே எவர்க்கும் காதில்லை. ஏனெனில் முரசு முழங்கிக்கொண்டிருந்தது. கத்தி வைக்கும் நேரத்தில் நோயாளியின் அலறல் மற்ற நோயாளிகளை அச்சுறுத்தக் கூடாதென்று, நம் மன்னரின் பாட்டனார் இரக்கம் கொண்டு ஏற்படுத்திய முரசு அது. இரக்கத்தில் பிறந்த வழக்கம் ஒரு கண்ணை விழுங்கியது. தான் அப்போது சொன்னதை அமைச்சர் கேட்டபோது கொற்றி திரும்பச் சொன்னாள்: "அது பாக்குற கண்ணுங்க ஐயா, அதுல குத்தாதீங்க."

பூதனார் கெட்டவர் அல்லர். இதை எழுதும்போது அமைச்சர்க்கு மனம் வலிக்கிறது. கெட்டவராயிருந்தால் இவ்வோலை இரண்டு வரியில் முடிந்திருக்கும். காய்ச்சல் பரவிய பருவத்தில், சாலையின் மற்ற மருத்துவர்களை இளவரசர் திருமணத்துக்கென்று அரண்மனை அழைத்துக்கொண்டது. ஒற்றை ஆளாய் நின்றவர் உறக்கம் கெட்டு, நின்றபடியே உண்டு, முற்றிய படலத்தையும் மெல்லிய மங்கலையும் பிரித்தறியாத கண்களோடு ஊசியைப் பிடித்தார். களைப்பும், கேட்காமையும், ஒருவர் செய்ததை மற்றவர் சரிபாராமையும் சேர்ந்தால் எந்த நல்ல கையும் பிழை செய்யும். ஆயினும் பிழை பிழையே. களைத்தவர் வருந்தலாம்; இழந்தவள் வாழ வேண்டுமே.

அதற்குப் பின் நடந்தவை அமைச்சரை மேலும் சோர்வுறுத்தின. அவள் மருத்துவர் அவையில் முறையிட்டாள். புண்ணின் குருதி காயுமுன் முறையிடாத வழக்கை ஏற்க இயலாது என்று அவையோர் கையை விரித்தனர். கட்டுக்குள் இருந்த கண் போய்விட்டதென்று கட்டை அவிழ்க்குமுன் அவள் எப்படி அறிவாள் என்று ஒருவரும் எண்ணவில்லை. இன்னொரு மருத்துவர் சாட்சி சொன்னால் பார்ப்போம் என்றனர். சக மருத்துவர் மீது சாட்சி சொல்ல ஒருவரும் வாய் திறக்கவில்லை. கடைசியாக, மிக அன்பாக, ஒரு வழி காட்டினர்: வழக்குத் தொடுத்தவர்க்கு ஆதுலர் சாலையில் வைத்தியம் கிடையாது என்பது பழைய விதியாம், அவள் முறையீட்டைக் கைவிட்டால் இடக்கண் படலத்தை நீக்கித் தருவார்களாம். அதை நீக்கத் தெரிந்தவர் இந்நாட்டில் ஒருவரே. அவர் பூதனார்.

நியாயம் கேட்பதா, பார்வை கேட்பதா என்று அவள் அமைச்சரைக் கேட்டாள். இரண்டையும் கேள் என்று அமைச்சர் சொன்னார். அவையினர் முகம் கறுத்தது. விதியை மாற்றினால் நாளை ஊரே வழக்கோடு வரும் என்றனர். வரட்டும் என்று அமைச்சர் பதிலுரைத்தார். அவர்க்கு வாதாடும் தெம்பு அன்று இல்லை.

பூதனார் முதலில் மறுத்தார். அவள் முகத்தில் விழிக்கத் தம்மால் ஆகாது என்றார். வேறு ஆள் இல்லாததால் வந்தார். நன்றாய் உறங்கி எழச் செய்த பிறகே அவரைத் தலைநகர்ச் சாலைக்கு அழைத்து வந்தோம். ஊசி தவறினால் எஞ்சிய கண்ணில் பார்வை திரும்பும் வாய்ப்பும் போகும் என்பதை அவரே அவளிடம் எடுத்துரைத்தார். அவள் யோசித்து இசைந்தாள். வழக்கின் சான்றாக நும் சாலையிலிருந்து வருவித்த முரசு மூலையில் கிடந்தது. துணி போர்த்துமுன் எந்தக் கண் என்று அவர் கேட்டார். அவள் சொன்ன பதிலை அங்கிருந்த அனைவரும் கேட்டனர்: "இடது கண்ணுங்க. வலதைத்தான் ஏற்கெனவே எடுத்துட்டீங்களே." பூதனார் தலை கவிழ்ந்தார், பிறகு தம் வேலையைச் செய்தார்.

கட்டு அவிழ்ந்த நாளில் கொற்றிக்குப் பார்வை வந்தது. தெளிவாக அன்று, ஆயினும் வழி தெரிகிறது, சிவப்பும் கறுப்பும் பிரிகின்றன. அவையினர் பழத்தட்டோடு வந்து, கொடுத்த கண்ணுக்கு எடுத்த கண் சரியாயிற்று, வழக்கை முடித்துக்கொள்ளலாமே என்று குழைந்தனர். அவள் பழத்தைப் பார்த்தாள், அவர்களைப் பார்த்தாள். "கண்ணைக் கொடுத்தது அவரு தொழிலுங்க. கண்ணை எடுத்தது அவரு தப்புங்க. தொழிலுக்குக் கும்புடுறேன். தப்புக்கு வழக்கு நிக்கட்டும்" என்றாள். இதில் கூட்டவோ குறைக்கவோ அமைச்சர்க்கு ஒன்றும் தோன்றவில்லை. பூதனாரும் தாம் வழக்கில் நிற்பதாகத் தாமே சொன்னார்.

ஆகவே ஆணை இது. இவ்வழக்கை மருத்துவர் அவை விசாரிக்கலாகாது. நும் அறங்கூறும் மன்றமே விசாரிக்க வேண்டும். முறையிடும் காலம் புண் பட்ட நாளிலிருந்து அன்று, கேடு தெரிய வந்த நாளிலிருந்து தொடங்கும். சக மருத்துவர் சாட்சி சொல்ல மறுப்பின், அண்டை நாட்டு மருத்துவரை அழைத்துக் கேளுங்கள். வழக்குத் தொடுத்தவர்க்கு வைத்தியம் மறுப்பவர் சாலையை விட்டு நீக்கப்படுவர். பூதனாரோடு துணி போர்த்தியவனும், மருத்துவர்களைத் திருமணத்துக்கு இழுத்துக்கொண்ட அரண்மனையும் எதிர்வழக்காடுவோராக நிற்க வேண்டும். கொற்றியின் பிழைப்புக்கு ஈடு செய்வதில் அரண்மனையின் பங்கும் உண்டென மன்னர் ஒப்பினார். ஒப்பவைக்க அமைச்சர் பட்ட பாடு இங்கே வேண்டாம்.

இனி நோயாளி தன் வாயால் எந்த இடம், என்ன வைத்தியம் என்று சொல்லி, கத்தி வைப்பவர் தம் காதால் கேட்குமுன், எந்தச் சாலையிலும் கத்தி எழலாகாது. கத்தி எழுந்த பின்னும் முரசு முழங்கலாகாது. நும் சாலை முரசின் தோலை அறுத்து இவ்வோலையோடு அனுப்பியுள்ளோம்; மன்றத்தின் வாயிலில் அதை மாட்டி வையுங்கள்.

நீலவரை மன்னர் இலச்சினை இட்டு, பேரமைச்சர் கைச்சாத்து இட்டு, அரக்கு வைத்து விடுத்தது. காண்க, செய்க, செய்ததை மறு ஓலையில் தெரிவிக்க. கொற்றி இம்முறை எவர் கைப்பிடியும் இன்றி, தன் கண்ணால் வழி பார்த்துக் கீழ்த்துறைக்கு வந்துகொண்டிருக்கிறாள். அவளை வாயிலில் காக்க வைக்காதீர்.