இருட்டு வெடி

சான் செவேரோ
9 ஜூன் 2014

அன்புள்ள நூன்சியா அக்காவுக்கு,

நலமா என்று கேட்கிற நிலைமையில் நாம் போனை வைக்கவில்லை. இருந்தாலும் கேட்கிறேன், நலமா? இந்தக் கடிதம் அம்மாவின் உத்தரவு. "போன்ல நீங்க ரெண்டு பேரும் கத்துற கத்துல எதிர்வீட்டு நாய் சாப்பிடாம கெடக்கு. சண்டைய எழுதிப் போடுங்க. பேனாவுக்குத் தொண்டை இல்ல" என்கிறாள்.

நான் பாதி சொல்வதற்குள் நீ ஆரம்பித்துவிட்டாய். இப்போது முழுதாகக் கேள். ஜூலை கடைசி சனிக்கிழமை ரிமினி கடற்கரையில் நீ மேடை ஏறும் விழாவுக்கு, வாணவேடிக்கையை நம் வெடிப் பட்டறைக்குத் தந்திருக்கிறார்கள். அப்பா போன பிறகு நமக்குக் கிடைத்ததெல்லாம் சின்னச் சின்னப் புனிதர் திருவிழாக்கள்தான். இது நன்றாக நடந்தால்தான் பட்டறைக்கு அடுத்த வருஷம் உண்டு.

விழா நடத்தும் ரம்பெல்லி ஒரே ஒரு நிபந்தனை போட்டிருக்கிறார். உன் கடைசி அரைமணி நேரத்தை முன்கூட்டியே பதிவு செய்து அனுப்ப வேண்டும். இப்போதெல்லாம் வெடியைக் கணினிதான் கொளுத்துகிறது. பாட்டில் எந்த இடத்தில் எந்த வெடி என்று நான் அதற்குச் சொல்லி வைப்பேன். அன்றைக்கு நீ ஒரு பொத்தானை அழுத்திவிட்டுக் கையைத் தூக்கிக்கொண்டு நின்றால் போதும். பெரிய பெரிய டி.ஜே.க்கள் எல்லாரும் அப்படித்தான் செய்கிறார்களாம்.

அம்மா சுட்ட தராலி பிஸ்கட் தனிப் பொட்டலமாக வருகிறது. கோபத்தில் நொறுக்கிவிடாதே.

உன் தம்பி
சவீனோ

*

மிலான்
15 ஜூன் 2014

என் அருமைச் சவீனோவுக்கு,

தராலி வந்தது, தின்றாயிற்று. கோபம் அப்படியே இருக்கிறது.

கையைத் தூக்கிக்கொண்டு நிற்க நான் எதற்கு? மேடையில் ஒரு துணிக்கொடிக் கம்பத்தை நட்டு அதற்கு என் சட்டையை மாட்டிவிடச் சொல். அது என்னைவிட நிமிர்ந்து நிற்கும்.

உனக்கு மறந்திருக்கும், எனக்கு மறக்காது. போஜ்ஜா பேருந்து நிலையத்துக்குப் பின்னால் அந்த மண்டபத்தில் நான் முதன்முதலாக இசைத்தட்டுப் பெட்டியோடு போய் நின்றபோது முதலாளி என்ன கேட்டான்? "டி.ஜே. எங்கம்மா? வண்டிய நிறுத்திட்டு வர்றாரா?" மிலானுக்கு வந்தால் இங்கே இசைத்தட்டு வெளியிடுகிற ஒருத்தன், "நூன்சியாங்கிறது மீன்காரி பேரு மாதிரி இருக்கு, நான்சின்னு வை, இங்கிலீஷா இருக்கும்" என்றான். "மீன்காரிதான், முள்ளு குத்தும்" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன். என் முதல் இசைத்தட்டு வெளிவர இன்னும் இரண்டு வருஷம் ஆனது. ஆனால் நூன்சியா என்ற பெயரில் வந்தது.

அதற்குப் பிறகு என்ன பேசினார்கள் தெரியுமா? "இவளுக்கு எவனோ பின்னால இருந்து பாட்டுச் செஞ்சு குடுக்குறான். மேடையில இவ சும்மா குமிழத் திருகிட்டு நிக்கிறா." இத்தனை வருஷமாக நான் ஒரு பதிவைக்கூட மேடைக்கு எடுத்துப் போனதில்லை. கூட்டத்தின் முகத்தைப் பார்த்து, கையால்தான் ஒரு பாட்டிலிருந்து அடுத்த பாட்டுக்குப் போவேன். தப்பு வரும். வரட்டும், அது என் தப்பு. இப்போது நான் அந்தப் பொத்தானை அழுத்தினால் அவர்கள் அத்தனை பேரும் சொன்னது உண்மையாகிவிடும். அழுத்த மாட்டேன்.

அம்மாவுக்கு முத்தம். உனக்குக் கிடையாது.

நூன்சியா

*

சான் செவேரோ
24 ஜூன் 2014

அன்புள்ள அக்கா,

நீ எழுதியதை அம்மாவிடம் வாசித்துக் காட்டினேன். "நான் பெத்த ரெண்டுல ஒண்ணு பொத்தான அழுத்த மாட்டேங்குது, இன்னொண்ணு பொத்தான மட்டுந்தான் அழுத்துது" என்று சொல்லிவிட்டுப் பூண்டு உரிக்கப் போய்விட்டாள்.

உனக்குப் பெயர் இருக்கிறது, அதனால் வீம்பும் இருக்கிறது. எனக்குப் பட்டறை மட்டும்தான். உன் பெயரைத் தூக்கிவிட்ட பாட்டில் நம் ஊர்ச் சரவெடி கேட்கிறதே, அதை எடுத்துத் தந்தது யார்? சரவெடி தெருவெல்லாம் வெடித்துக்கொண்டு போக, மைக்கைப் பிடித்துக்கொண்டு கூடவே ஓடியவன் நான். சட்டைக் கை எரிந்தது. "நடுவுல அறுபடாம பதிவு பண்ணியா?" என்றுதான் நீ கேட்டாய், சுட்டதா என்று கேட்கவில்லை.

நான் விட்டுக்கொடுக்கவில்லையா? இருட்டு வெடியையே விட்டுக்கொடுத்துவிட்டேன். "கடைசியில ஒரு வெளிச்சமும் இல்லாம ஒரே ஒரு சத்தம் எதுக்கு? கூட்டம் பயந்துக்கும், பாட்டு நடுவுல அசிங்கமா இருக்கும்" என்றார் ரம்பெல்லி. சரி என்று தலையாட்டினேன். நம் வீட்டில் அது இல்லாமல் எவனும் வேடிக்கையை முடித்ததில்லை. நான் முடிக்கப் போகிறேன். நீ ஒரு பொத்தானை அழுத்தக் கூடாதா?

சவீனோ

*

மிலான்
2 ஜூலை 2014

சவீனோ,

இருட்டு வெடியையா விட்டுக்கொடுத்தாய்? அந்தச் சத்தம் கேட்டால்தான் நம் ஊரில் நாற்காலியை மடக்குவார்கள். அது கேட்கவில்லையென்றால் விடியும்வரை வானத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். முற்றுப்புள்ளியையா ஒருத்தன் விலை பேசுவான்?

உன் பட்டறை மூடுவதற்கு நான் காரணமாக இருக்க மாட்டேன். அதனால் பதிவு செய்து ரம்பெல்லிக்கு அனுப்பிவிட்டேன், உனக்கும் இதோடு ஒன்று வைத்திருக்கிறேன். இதைக் கேட்டு உன் கணினிக்குச் சொல்லி வை. ஆனால் மேடையில் அந்தப் பொத்தானை நான் அழுத்தப் போவதில்லை. இதே பாட்டுகளை, இதே வரிசையில், என் கையால் போடுவேன். அங்கங்கே கொஞ்சம் முன்னே பின்னே ஆகும். உன்னைப் பார்த்துச் சரிசெய்துகொள்வேன். இதை ரம்பெல்லியிடம் நீ சொல்ல வேண்டியதில்லை.

உன் அக்கா

*

சான் செவேரோ
12 ஜூலை 2014

அக்கா,

"கொஞ்சம் முன்னே பின்னே" என்றால் என்ன தெரியுமா? நீ மெதுவாகத் தாலாட்டுகிற இடத்தில் என் பெரிய வெடி போய் வெடிக்கும். கடற்கரையே சிரிக்கும். உன்னைப் பார்த்து அல்ல, என்னைப் பார்த்து. நூன்சியாவுக்கு மறுவாரம் வேறொரு மேடை கிடைக்கும். எனக்கு ரிமினி ஒன்றுதான்.

நான் கணினியை நடுவில் நிறுத்த மாட்டேன். என் வெடி அதன் நேரத்துக்கு வெடிக்கும். நீ பதிவைப் போடவில்லையென்றால் ஆகஸ்ட் பதினைந்து விண்ணேற்புத் திருநாள் விருந்துக்கு இந்த வீட்டுக்கு வராதே.

சவீனோ

(அம்மா சொல்லச் சொல்ல எழுதுகிறேன்: "அடியே, அவன் கெடக்கான். ஆட்டுக்கறி சொல்லியாச்சு. நீ வரலன்னா அவனையும் பட்டினி போடுவேன்.")

*

ரிமினி
27 ஜூலை 2014

சவீனோ,

நேற்று முடிந்ததும் உன்னைத் தேடினேன். நீ வண்டியேறிப் போய்விட்டாயாம். அதனால் எழுதுகிறேன்.

ரம்பெல்லியின் ஆள் அந்தப் பதிவை இயந்திரத்தில் செருகியே வைத்திருந்தான். மேடை ஏறியதும் அதைப் பிடுங்கிப் பைக்குள் போட்டுக்கொண்டேன். உன் பகுதி வரும் நேரத்தில் கடலிலிருந்து காற்று கிளம்பியது. தீயணைப்பு அதிகாரி கையைக் காட்டி உன்னை நிறுத்தியது மேடையிலிருந்து தெரிந்தது. பதிவு மட்டும் ஓடிக்கொண்டிருந்தால் அது உனக்காக நின்றிருக்குமா? நான் நின்றேன். வெறும் டிரம் தாளம் ஒன்றை மட்டும் விட்டுவிட்டு, உன் முதல் வெளிச்சம் கிளம்பும்வரை கூட்டத்தைக் கைக்குள் வைத்திருந்தேன்.

ஒரு இடத்தில் நீ சொன்னதுபோலவே நடந்தது. நான் தாலாட்டினேன், உன் பெரிய வெடி வெடித்தது. சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பாட்டை அப்படியே வெட்டிவிட்டு வானத்தை உனக்குக் கொடுத்தேன். அப்போது அவர்கள் போட்ட கூச்சல் இருக்கிறதே, அது எனக்கில்லை, உனக்கு. அதற்குப் பிறகு உன்னைப் பார்த்துப் பார்த்துத்தான் போட்டேன். வெடிக்குப் பாட்டு துணை போனது.

கடைசி வெளிச்சமும் அணைந்தது. பதிவில் அந்த இடத்தில் இசை இருக்கிறது, உனக்குத் தெரியும். நான் கையை எடுத்துவிட்டேன். ரம்பெல்லி என் காதுக்குள் கத்தினார், "பாட்டு எங்க? பாட்டப் போடும்மா!" காதில் மாட்டியிருந்த கருவியைக் கழற்றி வைத்தேன். நீ விட்டுக்கொடுத்த முற்றுப்புள்ளிக்கு என்னால் முடிந்தது அந்த மௌனம் மட்டும்தான் என்று நினைத்துக்கொண்டு நின்றேன்.

அப்போது வெடித்தது. வெளிச்சமே இல்லாமல், நெஞ்சில் குத்துவதுபோல ஒரே ஒரு சத்தம்.

கூட்டம் அடுத்த வெளிச்சத்துக்காக அண்ணாந்து பார்த்தது. ஆனால் மணலில் அங்கொருத்தரும் இங்கொருத்தருமாக எழுந்தார்கள். கோடைக்கு இங்கே ஓட்டல் வேலைக்கு வந்த நம் பக்கத்து ஆட்கள். சிலுவை போட்டுக்கொண்டு, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, சொல்லி வைத்தாற்போல வீட்டுக்குக் கிளம்பிவிட்டார்கள். அதைப் பார்த்து மேடையில் நின்று அழுதேன். வெட்கமில்லை.

இனி என்னைக் கூப்பிடப் போவதில்லை என்று ரம்பெல்லி சொல்லிவிட்டார். கும்பிடு போட்டு அனுப்பினேன். ஒன்று மட்டும் சொல். அந்த வெடியை எனக்காகவா வைத்தாய்?

நூன்சியா

*

சான் செவேரோ
4 ஆகஸ்ட் 2014

அக்கா,

உனக்காக ஒன்றும் வைக்கவில்லை. இருட்டு வெடி கணினியில் இல்லவே இல்லை. வண்டியில் போர்வைக்கு அடியில் கொண்டுவந்து கையால் திரி வைத்தேன். தலையாட்டிவிட்டு வந்த நாளிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை. உன் பாட்டுச் சத்தத்தில் அது அமுங்கிப்போகும், ரம்பெல்லிக்குத் தெரியவே தெரியாது என்றுதான் நினைத்தேன். திரி பாதி எரிந்த பிறகு நீ பாட்டை நிறுத்துகிறாய்! பாதகத்தி! ஊசி விழுந்தாலும் கேட்கிற அமைதி. தண்ணீர் ஊற்றலாமா என்று வாளியைத் தேடினேன். அப்புறம் தேடவில்லை.

வெடித்ததும் ஓடிவிட்டேன். பயந்து இல்லை. அழுகிறதை நம் பட்டறைப் பையன்கள் பார்ப்பார்களே என்றுதான்.

ரம்பெல்லி எனக்கும் எழுதியிருக்கிறார், உனக்குச் சொன்ன அதே வார்த்தைகளில். பட்டறை என்னாகும் என்று இன்று எனக்குத் தெரியாது. மே மாதம் நம் மாதா திருவிழாவுக்கு மட்டும் வேலை உறுதி. அதற்கு ஒரு டி.ஜே. வேண்டும் என்று விழாக் குழுவிடம் சொல்லிவிட்டேன். கணினி கிடையாது. நீ என்னைப் பார்த்துப் போடுவாயா, நான் உன்னைப் பார்த்துக் கொளுத்துவேனா என்பதில் எனக்கு ஒரு முடிவு இருக்கிறது. நீ அதற்குச் சம்மதிக்கப் போவதில்லை.

எழுதி மாளாது. போனை எடு. எதிர்வீட்டு நாயை அம்மா உள்ளே கட்டச் சொல்லிவிட்டாள்.

சவீனோ