ஏழாம் தளத்து மெக்கானிக்கை விட்டுக்கொடுக்க மாட்டேன்

அன்பு மகளே,

இங்கே நானும் அப்பாவும் சுகம், அதுவும் ஊரோடு சண்டை போடத் தெம்பிருக்கிற அளவுக்குச் சுகம், நீயும் மாப்பிள்ளையும் அப்படியே இருக்க வேண்டும். அப்பாவுக்கு முழங்கால் வலி தேவலை, ஆனால் மாடியில் காயும் துணியை எடுத்துவரச் சொன்னால் மட்டும் திரும்ப வந்துவிடுகிறது. போனில் நீ பேசியதற்குப் பதில் சொல்லாமல் வைத்துவிட்டேன் என்று கோபித்துக்கொள்ளாதே, வாயைத் திறந்திருந்தால் கத்தியிருப்பேன், அதனால்தான் எழுதுகிறேன். "ஒரு டிவி கேரக்டருக்காக எதுக்கும்மா இப்படி மல்லுக்கட்டறீங்க, கையெழுத்தைப் போட்டுத் தொலைங்க" என்றாய். போட மாட்டேன். மறுத்து எழுதி இன்று காலையே தபாலில் சேர்த்தாயிற்று. உனக்குப் பாதிக் கதைதான் தெரியும், மீதியையும் கேள்.

நீ அங்கே போன பிறகு வீடு வெறிச்சென்று கிடந்தது, அப்போதுதானே அந்த விண்கப்பல் தொடருக்குக் கையேடு எழுத உட்கார்ந்தேன். ஒவ்வொரு பாகத்தையும் முதலில் கதைக்காகப் பார்ப்பேன், அடுத்து சத்தத்தை அடைத்துவிட்டுப் பின்னால் நடமாடுகிறவர்களுக்காகப் பார்ப்பேன், பிறகு கண்ணை மூடிக்கொண்டு குரல்களைக் கேட்பேன், நான் தூங்கிவிட்டேன் என்று நினைத்து அப்பா டிவியை அணைத்துவிடுவார், அதற்கு ஒரு சண்டை. யாருக்கு எந்தத் தளத்தில் வேலை, எந்தப் பாகத்தில் வந்தார், எதில் செத்தார் என்று அகர வரிசையில் எழுதி ரசிகர் பத்திரிகையில் போட்டால், ஒருத்தன் அப்படியே சுருட்டித் தன் பெயரில் போட்டுக்கொண்டான். கேட்டால் "நானும்தானே பாத்தேன்" என்கிறான். சரிடா மகனே என்று, புத்தகமாக வந்தபோது ஒரு பொறி வைத்தேன். தொடரில் எங்குமே இல்லாத ஏழாம் தளத்து மெக்கானிக் பெண்ணை நடுவில் செருகினேன், திருடுகிறவன் அவளையும் சேர்த்துத் திருடுவான், மாட்டுவான். பொய்தான், ஆனால் எனக்கு அதில் துளி வெட்கமும் இல்லை.

மாட்டியது யார் தெரியுமா, தொடர் எடுக்கிற கம்பெனியே! புதிதாக எழுத வந்தவர்கள் பழைய பாகங்களை உட்கார்ந்து பார்க்கச் சோம்பல்பட்டு என் புத்தகத்தையே மேசையில் விரித்து வைத்துக்கொண்டிருக்கிறார்கள், அவள் முன்பே வந்தவள் என்று நம்பிக் கூட்டிவந்துவிட்டார்கள். திரையில் அவள் வந்து நின்றதும் எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. நான் எழுதியிருந்தபடியே, நின்றுகொண்டு சாப்பிடுகிறாள், பயம் வந்தால் முணுமுணுவென்று பாடுகிறாள், முன்பல்லில் ஒரு துண்டு இல்லை. நீயும் பார்த்துவிட்டு "செம கேரக்டர்மா" என்றாயே மக்கு, கண்ணாடியில் உன் மூஞ்சியைப் பார்த்ததே இல்லையா? அவள் நீதான்டி. இல்லாத ஒருத்தியை எழுத உட்கார்ந்தால் எனக்கு வேறு யார் நினைவுக்கு வருவாள்?

அவள் என்னுடையவள் என்று கம்பெனிக்கு எழுதினேன். உடனே வக்கீலை அனுப்பினார்கள், அவளை உருவாக்கியது கம்பெனிதான் என்று நான் கையெழுத்துப் போட்டால் கையேட்டின் புதுப் பதிப்பைப் படங்களோடு அதிகாரபூர்வமாகவே போடலாமாம். பதிப்பாளருக்குத் தலைகால் புரியவில்லை. அவருடைய ஆபீஸில், காகிதக் கட்டுகளுக்கு நடுவே, என்ன இவ்வளவு அவசரம் என்று வக்கீலைக் கேட்டேன். நல்ல மனுஷன், மறைக்கத் தெரியவில்லை. "கடைசிப் பாகத்துல வெடி விபத்துல அவங்க செத்துடறாங்கம்மா, ஷூட்டிங்குக்கு முன்னாடி உரிமை எங்க பேர்ல வந்துடணும்" என்றார். பேனாவை மூடி அவர் பக்கமே தள்ளிவிட்டேன். பதிப்பாளர் தலையில் அடித்துக்கொண்டு "இது போச்சுன்னா உங்க புத்தகமே இனி வராதுங்க" என்றார். எனக்கு மட்டும் ஆசை இல்லையா? அந்தப் புத்தகம் கடையில் இருப்பதைப் பார்ப்பதற்காகவே, வேண்டாத சாமான் வாங்கக் கடைத்தெருவுக்குப் போகிறவள் நான். ஆனால் தொடரில் ஒரு பாகம்கூட முழுசாகப் பார்த்திராத உன் அப்பா, கேட்டதும் துள்ளி எழுந்துவிட்டார், முழங்கால் வலி எங்கே போனதோ. "நம்ம பொண்ணை வெடிக்க வைக்கறதுக்கு நம்மகிட்டயே கையெழுத்தா, போடாதே" என்று கத்தினார்.

ஆகவே எழுதிவிட்டேன். அவளை உயிரோடு விடுங்கள், பெயர், உரிமை எல்லாவற்றையும் நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள், சாகடிப்பதானால் என் கையெழுத்துக் கிடையாது என்று. புத்தகம் வராது, போகட்டும். போன முறை நீ காய்ச்சலில் கிடந்ததை எல்லாம் சரியான பிறகுதான் சொன்னாய், நெற்றியைத் தொட்டுப் பார்க்கக்கூட என் கை அங்கே எட்டவில்லை. எவ்வளவு அழுதேன் தெரியுமா? இவள் விஷயத்தில் எட்டுகிறது. எட்டுகிற இடத்தில் நான் ஏன் விட வேண்டும்?

கேஸ் அடுப்பின் ரப்பர் குழாயை மாற்றச் சொன்னேனே, மாற்றினாயா? சாக்குச் சொல்லாதே, இந்தக் கடிதத்தை மடித்து வைத்ததும் முதல் வேலை அதுதான். நீங்கள் இருவரும் நோய்நொடி அண்டாமல், நினைத்தது நடந்து, எங்களுக்குப் பிறகும் நெடுங்காலம் நன்றாக இருக்க வேண்டும். எந்தக் கம்பெனிக்காரன் என்ன எழுதினாலும் நீ இருக்க வேண்டும்.

இதில் மட்டும் கையெழுத்துப் போடும்,
உன் அம்மா