பலி என்ற சொல் இருந்த இடம்

இன்று காலை சத்திரம் பேருந்து நிலையத்தில் பஸ்ஸுக்கு நின்றபோது, பெட்டிக்கடையில் தொங்கிய செய்தித்தாள் போஸ்டரில் மறுபடியும் அந்தச் சொல். லாரி மோதி இருவர் பலி. நீ இருந்திருந்தால் பஸ்ஸை விட்டுவிட்டு முதலில் அதைக் கேட்டு வாங்கியிருப்பாய். நான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"பலின்னா யாராவது குடுக்கணுமேடி. இவங்களை யாரு, எந்தச் சாமிக்குக் குடுத்தாங்க?" உறையூர் மாடியறையில், கையெல்லாம் மையோடு, ஏதோ நான்தான் பத்திரிகை நடத்துவது போல என்னிடம் சண்டைக்கு வருவாய். பிறகு அச்சுக்கென்று வைத்திருக்கும், ரப்பர் போன்ற லினோலியத் துண்டில் அந்தத் தலைப்பை இடவலமாகத் திருப்பிச் செதுக்குவாய். பலி வரும் இடத்தை மட்டும் சுத்தமாக வழித்தெடுத்துவிடுவாய். அச்சிட்டால் 'லாரி மோதி இருவர்' என்று விழும்; பக்கத்தில் வெறும் வெள்ளை. பார்க்க வந்தவர்கள், "அப்புறம் என்னங்க ஆச்சு?" என்பார்கள். நீ உதட்டைப் பிதுக்குவாய்.

எங்கள் தெருக்காரர் ஒருவர் விபத்தில் போனதும் அப்படிப் போஸ்டரில் வந்தது. இதை மட்டும் விட்டுவிடேன் என்று கெஞ்சினேன். "எல்லாருமே யாரோ ஒருத்தருக்குத் தெரிஞ்சவங்கதாண்டி" என்று உளியை எடுத்தாய். கோபத்தில் சில நாள் உன்னோடு பேசவில்லை.

கடைக்காரர் என்னைப் பார்த்துவிட்டார். "அந்த அக்காவை ஆளையே காணோமே? அவங்களுக்குன்னு எடுத்து வச்சேங்க, குடுத்துடுங்க" என்று ஒரு சுருளை நீட்டினார். சரிங்க என்று வாங்கிக்கொண்டேன். நீ இல்லை என்று அவரிடம் சொல்லத் தோன்றவே இல்லை. நீ போனதிலிருந்து இப்படித்தான். சாப்பிடுகிறேன், தூங்குகிறேன், அழுகை வரவில்லை.

மாடியறையில் பிரித்தேன். பழைய போஸ்டர்களுக்கு நடுவில் உன்னுடையது. காவிரிப் பாலத்தில் ஸ்கூட்டரில் சென்ற பெண் பலி. பேர் போடவில்லை. யாரென்று தெரியாமலே அவர் அதை உனக்காகக் கிழியாமல் எடுத்து வைத்திருக்கிறார்.

கே.கே. நகரில் கண்காட்சி வைத்து உன் படங்களை மாட்டப்போகிறார்கள். இதை விட்டுவிட்டால் ஒருவரும் கேட்கமாட்டார்கள். விட்டுவிடத்தான் நினைத்தேன். ஆனால் உனக்கு என்ன பதில் சொல்வது? மத்தியானம் செதுக்க உட்கார்ந்தேன். திருப்பிப் போட்ட எழுத்து வெறும் கோடும் வளைவுமாக இருந்தது. கடைசிச் சொல்லை உன் மாதிரியே வழித்தெடுத்தேன்.

அச்சிட்டுத் தாளைத் திருப்பிப் பார்த்தேன். 'காவிரிப் பாலத்தில் ஸ்கூட்டரில் சென்ற பெண்'. அவ்வளவுதான் இருக்கிறது. படிக்கிறவர்கள் நீ ஸ்ரீரங்கத்துக்கு, வீட்டுக்குப் போய்க்கொண்டிருப்பதாகத்தான் நினைப்பார்கள். நானும் அப்படியே நினைத்துக்கொள்கிறேன்.