அவருக்கு இடது பக்கம்

மார்ச் 3, செவ்வாய்

எங்கள் காரின் முன் சக்கரத்துக்கும் மேல் தகரத்துக்கும் நடுவே ஒரு சிலந்தி வலை பின்னியிருக்கிறது. நிதானமான வேலைப்பாடு. ஒரே நாளில் முடித்ததாகத் தெரியவில்லை.

என் வீட்டுக்காரர் டிரைவிங் ஸ்கூலில் மாஸ்டர். முக்குக் கடையில் பால் வாங்கக்கூடக் காரில் போகிறவர். பஸ் நிறுத்தத்தில் நிற்பவர்களைப் பார்த்து உச்சுக்கொட்டுகிறவர். அப்படிப்பட்டவரின் காரில் சிலந்தி குடித்தனம் நடத்துகிறது. கேட்டால், "பெட்ரோல் விக்கிற விலைக்கு..." என்று இழுக்கிறார். பெட்ரோல் என்ன நேற்றுதான் விலை ஏறியதா?

சரி, பார்ப்போம்.

மார்ச் 5, வியாழன்

அவருடைய சட்டைப் பையில் பஞ்சு.

நான் சலவைக் கடையில் துணி வாங்கி வைக்கிற கவுண்டரில் இருக்கிறேன். அடுத்தவர் பையைத் துழாவுவது எனக்குத் தொழில். கடையில் செய்தால் கடமை, வீட்டில் செய்தால் சந்தேகப் புத்தியா? எந்த ஊர் நியாயம்?

உருட்டிப் போட்ட மூன்று நான்கு பஞ்சுத் துணுக்குகள். கூடவே ஒரு கைக்குட்டை, அதில் மஞ்சளும் ஆரஞ்சும் கலந்த ஒரு கறை. டீ, மை, துரு, உதட்டுச் சாயம் எல்லாம் எனக்கு அத்துப்படி. இது இதுவரை பார்க்காத கறை.

கடையில் இஸ்திரி அண்ணனிடம் காட்டினேன். "யாரோ கஸ்டமரோடது" என்றுதான் சொன்னேன்.

அவர் அதைப் பெட்டிச் சூட்டில் நீவிப் பார்த்துவிட்டு, "ஏதோ மேக்கப் சாமான் மாதிரி இருக்கும்மா. பஞ்சு வேற இருந்துச்சுங்கற. பொம்பளைங்க நகப்பூச்சை அழிக்கப் பஞ்சுதானே வைப்பாங்க? அந்தக் கஸ்டமர் பொண்டாட்டி பாவம்" என்றார்.

ஆமாம், பாவம்தான்.

மார்ச் 6, வெள்ளி

ராத்திரிச் சாப்பாட்டில் ஒரு அறிவிப்பு. "இத்தனை வருஷமா இருக்கோம், இந்த ஊரை நாம பார்த்ததே இல்ல. ஞாயித்துக்கிழமை பஸ், ரயில், படகுன்னு ஒரு நாள் பூரா சுத்துவோம். கார் வேண்டாம்."

எங்கள் பெண்ணுக்குப் பதினாறு வயது. எதற்கும் குறுக்கு விசாரணை செய்வதால் வீட்டில் அவளுக்கு வக்கீல் என்று பேர். அவர் நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "சூடு இல்லையே" என்றாள்.

தப்பு செய்கிற ஆம்பளைதான் திடீரென்று குடும்பத்தை ஊர் சுற்றிக் காட்டுவான். நானாகக் கண்டுபிடித்ததில்லை. கவுண்டருக்கு வருகிற பெண்கள் சொல்லிச் சொல்லி எனக்குப் பாடம் ஆகிவிட்டது.

மார்ச் 8, ஞாயிறு

கால் வலிக்கிறது. இருந்தாலும் ஒன்று விடாமல் எழுதிவிட வேண்டும்.

காலையில் பதினேழாம் நம்பர் பஸ். ஒரு நாள் பாஸ் எங்கே வாங்குவது, எந்தக் கதவு ஏற, எந்தக் கதவு இறங்க, எல்லாம் அவருக்குத் தெரிந்திருக்கிறது. பஸ்ஸையே மிதிக்காத மனிதருக்கு எப்படித் தெரியும்? கண்டக்டர் ஒரு பெண். ஏறினதும் ஏறாததுமாக, "என்ன மாஸ்டர், இன்னிக்குக் குடும்பத்தோடயா? உங்க சீட்டு காலிதான்" என்றாள்.

உங்க சீட்டாமே.

இடது பக்கம் ஜன்னலோரம். அவர் பாட்டுக்குப் போய் உட்கார்ந்துகொண்டார். நான் டிக்கெட் பாஸை நீட்டும்போது அந்தம்மா விரலைத்தான் பார்த்தேன். பத்து நகமும் பளிச்சென்று சிவப்பு. ஏற்கெனவே கையில் பஞ்சு இருந்தது, இப்போது நகமும் கிடைத்துவிட்டது. எனக்கு ஜன்னலுக்கு வெளியே ஊரே தெரியவில்லை.

பெண்ணுக்கு ஒரே குஷி. மணிக்கூண்டுக்கு இத்தனை பக்கத்தில் ஒரு பறவைச் சந்தை இருக்கிறது என்று இன்றைக்குத்தான் தெரியும். புத்தகக் கடைகள் மட்டுமே உள்ள ஒரு சந்து. மேம்பால ரயிலில் போகும்போது எங்கள் சலவைக் கடையின் மொட்டை மாடி தெரிந்தது. இஸ்திரி அண்ணனின் கைலி அங்கே காய்ந்துகொண்டிருந்தது. கஸ்டமர் தண்ணீரில் சொந்தத் துணி துவைக்கிறார், நாளைக்குக் கேட்க வேண்டும்.

நடக்கும்போது அவர் இடது பக்கச் சுவரை ஒட்டியே நடந்தார். நான் ஆசையாக (ஆமாம், வேவு பார்க்கிற ஆசைதான்) இடது கையைப் பிடிக்கப் போனால், "இந்தப் பக்கம் வா, இந்தப் பக்கம் வா" என்று வலது பக்கம் தள்ளிவிட்டார். ரயிலிலும் அப்படித்தான். போட்டோ எடுத்தபோதும் அப்படித்தான். அந்த இடது பக்கம் யாருக்கு ஒதுக்கி வைத்திருக்கிறார்?

படகுத்துறையில் நடந்ததுதான் எல்லாவற்றையும்விட விநோதம். பெண் ஐஸ்கிரீம் வாங்கிக்கொண்டு வந்து அவருக்கு இடது பக்கம் நின்று நக்கிக்கொண்டிருந்தாள். கை நீட்டினால் தொடலாம். திடீரென்று அவர் முகம் வெளிறிவிட்டது. "பாப்பா எங்க? பாப்பா எங்கடி?" என்று தண்ணீரைப் பார்த்துக் கத்தினார். துறையில் இருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"இங்கதானேப்பா நிக்கறேன்" என்றாள் அவள்.

அவர் சிரித்து மழுப்பினார். நான் என்ன நினைத்தேன்? கூட்டத்தில் யாரையோ தேடிக்கொண்டிருந்தவர், பெற்ற பெண்ணைக் கோட்டை விட்டார் என்றுதான் நினைத்தேன். வேறு என்ன நினைப்பது?

திரும்பும்போது, "எப்படி இருந்துச்சு? கார் இல்லாமலே நல்லாதானே இருந்துச்சு?" என்று இரண்டு தடவை கேட்டார்.

"ரொம்ப நல்லா இருந்துச்சு" என்று ஒரு சிரிப்பு சிரித்து வைத்தேன்.

மார்ச் 9, திங்கள்

நாமும் நகத்துக்குச் சிவப்பு பூசினால் என்ன? பூசினேன். "கையில என்ன, காயமா?" என்கிறார்.

மார்ச் 11, புதன்

டிரைவிங் ஸ்கூலுக்குப் போன் செய்தேன். சேரப் போகிற ஆள் மாதிரி குரலை மாற்றி, "மாஸ்டர் வண்டி ஓட்டக் கத்துக் குடுப்பாரா?" என்று கேட்டேன்.

அலுவலகப் பையன், "அவர் இப்ப வண்டியில ஏறுறதில்லங்க. உள்ளே ரூம்ல சிக்னல் பாடம் மட்டும் எடுக்கறாரு. வியாழக்கிழமை மத்தியானம் லீவு" என்றான். கொஞ்சம் பொறுத்து, "அக்கா, நீங்கதானே?" என்றான்.

வைத்துவிட்டேன். குரலை மாற்றத் தெரியாதவள் எதற்கு உளவு வேலைக்குப் போக வேண்டும்?

ஆனால், ஏன் வண்டியில் ஏறுவதில்லை? வீட்டில் ஒரு வார்த்தை சொல்லவில்லையே? இத்தனை வருஷமாக ராத்திரி படுக்கையில் உட்கார்ந்து, எந்த மாணவன் கிளட்சை எப்படி மிதித்தான் என்று நடித்துக் காட்டுகிற மனிதர். அவர் அப்படிச் சொல்லிச் சிரித்தே ரொம்ப நாளாகிறது. இப்போதுதான் உறைக்கிறது. பஞ்சைத் தேடின எனக்கு இது ஏன் தெரியாமல் போயிற்று?

பயமாக இருக்கிறது. எவளோ இருந்தால் போய்ச் சண்டை போடலாம். இது என்னவென்றே தெரியவில்லையே.

மார்ச் 12, வியாழன்

கடையில் தலைவலி என்று சொல்லிவிட்டு வந்தேன். புடவைத் தலைப்பை முக்காடாகப் போட்டுக்கொண்டு பதினேழாம் நம்பரில் பின் கதவால் ஏறினேன். முன்னால் அதே ஜன்னலோரத்தில் அவர். கண்டக்டர் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். அடையாளம் தெரிந்துவிட்டது. டிக்கெட்டைக் கிழித்துக் கையில் வைத்து அழுத்தினாள். அவள் எனக்காக இரக்கப்படுவது போல இருந்தது. அது இன்னும் எரிச்சலாக இருந்தது.

பெரிய நாற்சந்தியில் அவர் இறங்கினார். நானும் இறங்கினேன். கண்டக்டர் பஸ்ஸிலேயே போய்விட்டாள். ஆக, அவள் இல்லை.

சிக்னலுக்காகக் கூட்டம் நின்றது. பின்னால் இருந்தவர்கள் தள்ளித் தள்ளி, என்னைக் கொண்டுபோய் அவர் பக்கத்திலேயே நிறுத்திவிட்டார்கள். இடது பக்கம். தோளோடு தோள். முக்காடும் நழுவிவிட்டது. கையில் கடையின் மஞ்சள் பை, அவர் தினமும் பார்க்கிற பை. அவ்வளவுதான், மாட்டிக்கொண்டோம் என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அவர் நேராகப் பார்த்துக்கொண்டு நின்றார். என் முழங்கை அவர் மேல் இடித்தது. தலையைத் திருப்பாமலே, "பார்த்து நில்லுங்கம்மா" என்றார்.

கல்யாணம் ஆன நாளிலிருந்து என்னை அவர் மரியாதையாக "ங்க" போட்டுப் பேசினது அதுதான் முதல் தடவை.

முதலில் கோபம்தான் வந்தது. பொண்டாட்டியையே தெரியாத மாதிரி... அப்புறம் படகுத்துறை ஞாபகத்துக்கு வந்தது. ஐஸ்கிரீம். பாப்பா எங்கடி. சுவரை ஒட்டி நடந்தது. ஜன்னலோரம். அந்தப் பக்கம் யாரும் வரக்கூடாது என்றில்லை. அந்தப் பக்கம் வந்தால் யாரையும் தெரியவில்லை.

சிக்னல் விழுந்ததும் அவர் பின்னாலேயே நடந்தேன்.

அவர் சாலையைக் கடந்து போய் நுழைந்த கட்டடத்தின் நெற்றியில் ஒரு பெரிய கண் வரைந்திருந்தது.

உள்ளே வரிசையாக ஆட்கள். ஒரு நர்ஸ் ஒவ்வொருவர் கண்ணிலும் சொட்டு விட்டு, பஞ்சால் ஒற்றி, பஞ்சைக் கையிலேயே கொடுத்துக்கொண்டு போனாள். ஒரு பெரியவர் கைக்குட்டையால் துடைத்தார். கைக்குட்டையில் மஞ்சளும் ஆரஞ்சும் கலந்த கறை. இஸ்திரி அண்ணனுக்கு மேக்கப்பைப் பற்றி ஒரு மண்ணும் தெரியாது.

நான் போய் அவருக்கு வலது பக்கம் உட்கார்ந்தேன்.

திரும்பிப் பார்த்தார். "எப்ப வந்தே?"

"உங்ககூடத்தான். பஸ்லேருந்து. சிக்னல்ல இடிச்சேனே, அது நான்தான்."

"நான் பார்க்கல."

"தெரியும்."

கண்ணுக்குள்ளே அழுத்தமாம். இடது கண்ணில் ஓரமெல்லாம் போய்விட்டதாம். "போறது நமக்குத் தெரியாமலே போகுமாம். வலியும் இல்ல, ஒண்ணும் இல்ல" என்றார். பாடம் நடக்கும்போது இடது பக்கம் ஒரு சைக்கிள் குறுக்கே வந்திருக்கிறது. ஓட்டக் கற்றுக்கொண்டிருந்த பெண் தானாகவே பிரேக்கை மிதித்திருக்கிறாள். "என் காலடியிலயும் ஒரு பிரேக் இருக்கு. நான் மிதிக்கவே இல்ல. அந்தச் சைக்கிளை நான் பார்க்கவே இல்ல. அதுல ஒரு சின்னக் குழந்தை உட்கார்ந்திருந்துச்சு." அன்றைக்குச் சாவியைக் கொடுத்தவர்தான். நம் காரையும் தொடவில்லை.

"ஞாயித்துக்கிழமை சுத்தினது?"

"கார் இல்லாமலும் நம்மால சந்தோஷமா இருக்க முடியும்னு உங்களுக்குக் காட்டிட்டு, திரும்பி வரும்போது சொல்லிடலாம்னு இருந்தேன். நீ சிரிச்சுக்கிட்டே வந்தே. சொல்ல மனசு வரல."

"நான் எங்க சிரிச்சேன்? பல்லைக் கடிச்சுக்கிட்டு வந்தேன்."

ஏன் என்று கேட்டார். பஞ்சு, நகம், கண்டக்டர் எல்லாவற்றையும் சொன்னேன். வரிசையில் எல்லாரும் திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சிரித்தார். சொட்டு விட்ட கண்ணிலிருந்து மஞ்சளாக வழிந்தது. சிரிப்பா அழுகையா என்று எனக்குப் பிரிக்கத் தெரியவில்லை. என் தலைப்பால் துடைத்தேன். கறை போகாது. இருக்கட்டும்.

போன பார்வை திரும்பாதாம். மிச்சத்தைக் காப்பாற்றலாம், தினமும் சொட்டு மருந்து விட்டால்.

"பாப்பாகிட்ட இப்ப சொல்லாதே. பரீட்சை முடியட்டும்" என்றார்.

மார்ச் 17, செவ்வாய்

கார் விலைக்குப் போயிற்று. சிலந்தியும் கூடவே போயிற்று.

மார்ச் 29, ஞாயிறு

பரீட்சை முடிந்தது. மறுபடியும் பதினேழாம் நம்பர். கண்டக்டர் அவருடைய சீட்டை அவருக்குக் கொடுத்துவிட்டு, என் நகத்தைப் பார்த்து, "நல்ல கலர்க்கா" என்றாள். நல்ல பெண்தான். நான்தான் அவசரப்பட்டுவிட்டேன்.

தெருவில் இப்போது அவருக்கு இடது பக்கம் நான். வாயை மூடுவதே இல்லை. "அதோ வர்றா பாருங்க ஒருத்தி, குடையை யார் கண்ணுல குத்தலாம்னு பார்த்துக்கிட்டே." அவர் ஒதுங்குகிறார். "இந்தக் கம்பத்தை நடுத்தெருவுல நட்டவன் எவனோ, அவனுக்குக் கல்யாணமே ஆகியிருக்காது." அவர் விலகுகிறார். எனக்கு வாய் நீளம் என்பது ஊருக்கே தெரிந்த சங்கதி. யாருக்கும் சந்தேகம் வராது.

"ஏம்மா, போறவங்க வர்றவங்க எல்லாரையும் பத்தி இப்படியா பேசுவே?" என்று வக்கீல் தலையில் அடித்துக்கொண்டாள்.

ராத்திரி வீட்டுக்குப் போய் அவளிடம் சொல்வதாக நாங்கள் பேசி வைத்திருந்தோம்.

படகுத்துறையில் நான் டிக்கெட் வாங்கப் போனேன். வரிசை நகரவே இல்லை. அவர் அங்கே தனியாக நிற்கிறாரே என்று பதைப்பு. வாங்கிக்கொண்டு ஓடி வந்தால், அவருக்கு இடது பக்கம் என் பெண். அவர் கையைக் கோத்துக்கொண்டு, மூச்சு விடாமல் பேசிக்கொண்டு வருகிறாள்.

"அந்தத் தொப்பி மாமாவைப் பாருங்கப்பா, மூட்டையைக் கொண்டுவந்து நடைபாதையிலயே வச்சிருக்காரு, அவர் வீட்டு ஹால் மாதிரி. ஆங், இப்ப ஒரு படி. ரெண்டாவது படி கோணல், கட்டினவரு கண்ணை மூடிக்கிட்டுக் கட்டியிருக்காரு."

நான் டிக்கெட்டோடு நின்றுவிட்டேன். அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். கண் சிவந்திருந்தது.

"என்னம்மா அப்படிப் பார்க்கறே? போன தடவையே எனக்குச் சந்தேகம்தான்" என்றாள். "நகரு. நீ வலது பக்கம் வா."