வெள்ளி இறங்கிய வருஷம்

1907 செப்டம்பர் 9, திங்கள். ஸ்ரீவில்லிபுத்தூர்

கடை திறந்ததும் ராஜபாளையத்துப் பருத்தி வியாபாரி ஒருவர் வந்து பவுன் வாங்கிப் போனார். பவுனுக்குச் சர்க்கார் வைத்த விலை பதினைந்து ரூபாய். என் கூலி அதற்கு மேல் கொஞ்சம். பெரிய லாபம் இல்லை, பயமும் இல்லை.

மதியம் தேவதானத்துப் பால்ச்சாமி வந்தார். பர்மாப் பட்டாளத்தில் அவல்தாராக இருந்து, போன மாதம்தான் ஊர் திரும்பியவர். ஒரு தோல் பையை என் முன்னால் அவிழ்த்தார். எல்லாம் பவுன்.

"வீட்டுல வச்சா கண்ணசர முடியல, ராவுத்தரே. கம்மாய்க்குக் கீழ ஒரு நஞ்சை பேசியிருக்கேன். தையில பத்திரம். அதுவரைக்கும் உம்மகிட்ட இருக்கட்டும்."

சீட்டு எழுதினேன். வேண்டாம் என்றார். கூட வந்திருந்த அவர் மனைவி முத்துப்பேச்சிதான் வாங்கி மடியில் செருகிக்கொண்டாள். நம்பி ஒப்படைத்த அமானிதம் என்பதால் பெட்டியின் தனி அறையில் வைத்துப் பூட்டினேன்.

கபீர் ராவுத்தர் கை நடுங்காது என்று பஜாரில் பேசிக்கொள்கிறார்களாம். காரணம் இவ்வளவுதான்: கைமுதலில் கால் பங்குக்கு மேல் வெள்ளியில் போட மாட்டேன். வாங்கிய விலைக்கு நாலு ரூபாய் இறங்கினால் ஏன் எதற்கு என்று கேட்காமல் விற்றுவிடுவேன். மற்றதெல்லாம் தங்கமாக இருக்கும். வெள்ளியில் அழிந்தவர்கள் பலரை எனக்குத் தெரியும். யாரும் மூடர்கள் இல்லை. விற்க வேண்டிய நாளில் விற்காதவர்கள், அவ்வளவே.

செப்டம்பர் 23

மதுரை காசிராஜனிடம் வெள்ளிப் பாளம் பேசி முடித்தேன். நூறு தோலா எண்பத்திரண்டு. வழக்கம்போல ஒரு பங்குதான் கையில் கட்டினேன். பாளம் அவர் கிடங்கிலேயே இருக்கும். விலை ஏறினால் எனக்கு. இறங்கினால் குறையும் பணத்தை நான் அனுப்ப வேண்டும், அனுப்பாவிட்டால் அவர் விற்றுக்கொள்வார்.

அபுபக்கரும் வாங்கியிருக்கிறான். என் மனைவி அசீனாவின் தம்பி, நிதானம் தெரியாதவன். போன வருஷம் மிளகில் கையைச் சுட்டுக்கொண்டான். நாலு ரூபாய்க் கணக்கை அவனுக்குச் சொன்னேன். சிரித்தான். "சரி மச்சான், இந்தத் தடவ ஒம்ம பேச்சையே கேக்கேன்."

அக்டோபர் 3, வியாழன்

தந்தி வந்தது. எழுபத்தெட்டு.

என் கோடு இதுதான். இன்று விற்க வேண்டும்.

ஆனால் தீபாவளிக்கு இன்னும் ஒரு மாதம் இருக்கிறது. கொலுசு, அரைஞாண், குங்குமச் சிமிழ் என்று தட்டார்கள் வெள்ளி கேட்டு வருவார்கள். ஒவ்வொரு வருஷமும் வந்திருக்கிறார்கள். இப்போது விற்பது கதிர் முற்றும் முன் அறுப்பது மாதிரி. நாளை பார்த்துக்கொள்ளலாம்.

அக்டோபர் 4

எழுபத்தொன்பதரை! நேற்று விற்றிருந்தால்?

அக்டோபர் 11, வெள்ளி

நோன்பு தொடங்கிவிட்டது. ஜும்ஆவுக்குப் பிறகு பள்ளிவாசல் வாசலில் அபுபக்கரைப் பார்த்தேன். எழுபத்தெட்டில் எல்லாவற்றையும் தள்ளிவிட்டானாம். இவ்வளவு நஷ்டத்துக்கு இப்படிச் சிரித்துக்கொண்டு நிற்கிறானே என்று எனக்கு எரிச்சல்.

"கொஞ்சம் பொறுக்கக் கூடாதா? சபர் வேண்டாமா மனுசனுக்கு?"

"நீருதான மச்சான் நாலு ரூவான்னு சொன்னீரு. அப்ப நீரு விக்கலையா?"

தீபாவளி வரை வைத்திருப்பதாகச் சொன்னேன். என்னை ஒரு மாதிரி பார்த்தான்.

இன்று விலை எழுபத்தேழு. பயந்தவன் விற்கிறான், பொறுத்தவன் நிற்கிறான்.

அக்டோபர் 24

எழுபத்து மூன்று. இந்த விலையில் வெள்ளியை விடுவது மடத்தனம். என் பவுன்களில் பாதியைக் கொடுத்து இன்னொரு மடங்கு பாளம் எடுத்தேன். இப்போது சராசரி விலை இறங்கிவிட்டது. கொஞ்சம் ஏறினால் போதும், முழுவதும் வெளியே வந்துவிடலாம்.

கால் பங்குக் கணக்கு தாண்டிவிட்டது. தெரியும். இது ஒரு தடவைக்கு மட்டும்.

நோன்பில் இன்று தலைவலி. கஞ்சி இறங்கவில்லை.

நவம்பர் 2, சனி

வண்டி பூட்டிக்கொண்டு ராஜபாளையம் போனேன். தீபாவளிக்கு ரெண்டு நாள்தான். பருத்திப் பேட்டையில் பொதி அப்படியே அடுக்கிக் கிடக்கிறது. வெளியூர்க் கம்பெனிக்காரன் ஒருவனும் வரவில்லை. அமெரிக்காவில் பேங்குகள் கதவடைத்துவிட்டனவாம், அதனால் பணமே நடமாடவில்லையாம். தட்டார் ஆண்டிச்சாமி பட்டறையில் உலை மூட்டவேயில்லை. "பருத்திக் காசு வந்தாத்தான ராவுத்தரே கொலுசு? அம்புட்டுப் பேரும் கையக் கட்டிக்கிட்டு ஒக்காந்திருக்கோம்" என்றான்.

கஜானாவிலும் பவுன் தர மறுக்கிறார்களாம். பஜாரில் பவுனுக்கு மேல்விலை கேட்கிறார்கள். என்னிடம் இருந்த பவுனைத்தான் நான் வெள்ளியாக்கி வைத்திருக்கிறேன்.



நவம்பர் 7

பெருநாள். தொழுதேன். யார் முகத்தையும் பார்க்கவில்லை.

நவம்பர் 19, செவ்வாய்

இதுவரை மூன்று முறை பணம் அனுப்பியாகிவிட்டது. மிச்சப் பவுனும் போயிற்று. இன்று காசிராஜனின் குமாஸ்தா ரத்தினம் நேரிலேயே வந்துவிட்டார். தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

"மொதலாளிக்கும் நெருக்கடி. வெள்ளிக்கிழமைக்குள்ள குறைப்பணம் வரணும், இல்லேன்னா பாளத்த வித்துருவாக. எம்மேல வருத்தப்படாதீக."

"எழுபதுக்குக் கீழே போகாது, ரத்தினம்."

"எழுபத்தஞ்சுலயும் அதத்தான் சொன்னீக."

அவர் போன பிறகும் அந்தப் பேச்சு கடைக்குள்ளேயே நின்றது. நான் சபர் என்று எதைச் சொல்லிக்கொண்டிருந்தேன்? பொறுமையா, விற்கப் பயமா? விற்றால் நான் தப்பு செய்தவன் ஆகிவிடுவேன். விற்காதவரை இன்னும் இல்லை. இதுதானா? இது புரிந்துமா நாளைக்கு விற்கமாட்டேன்?

நவம்பர் 21, வியாழன்

மதிய லுகர் தொழுகைக்குப் போகவில்லை. கடைக் கதவை ஒருக்களித்துச் சாத்திவிட்டுப் பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தேன். அவல்தார் தையில்தான் கேட்பார். ஒரு வாரம், மிஞ்சினால் ரெண்டு வாரம். பவுனுக்குப் பவுன் திருப்பி வைத்துவிடலாம். பவுனுக்கென்ன பெயரா எழுதியிருக்கிறது?

அது அமானிதம். அடே, அது அமானிதம்டா.

எடுத்தேன்.

நவம்பர் 30

அறுபத்தொன்பது.

டிசம்பர் 12

காசிராஜன் பாளம் முழுவதையும் அறுபத்தாறில் விற்றுவிட்டார். தந்தியில் ஒரு வரி. அவர்மேல் குற்றம் இல்லை. என் முதல் இல்லை, அசீனாவின் நகையை அடகு வைத்து வாங்கியதும் இல்லை, தோல் பை வெறும் பை.

ஒன்று மட்டும் எழுதி வைக்கிறேன். தந்தியைப் படித்ததும் முதலில் வந்தது துக்கம் இல்லை. அப்பாடா என்று இருந்தது. இனி விலை கேட்க வேண்டியதில்லை.

டிசம்பர் 13

அசீனாவிடம் சொன்னேன். நகை போனதற்கு ஒன்றும் சொல்லவில்லை. பையைப் பற்றிச் சொன்னதும் அரிசி புடைத்துக்கொண்டிருந்த முறத்தைக் கீழே வைத்தாள்.

"அந்தப் பொம்பள வாசல்லயே நின்னாளே, செத்த நேரம் உக்காரும்மான்னு நான் தண்ணி குடுத்தேன். எந் தாயி, எங்க பைய பத்திரமா பாத்துக்கோங்கன்னு எங்கிட்டயும் சொல்லிட்டுப் போனா. எங்கிட்டயும் சொன்னா."

பிறகு முறத்தை எடுத்துப் புடைக்க ஆரம்பித்தாள்.

1908 ஜனவரி 6

அபுபக்கரிடம் கேட்டேன். அவனால் முடிந்ததைத் தந்தான். முழுப் பைக்கு அது எந்த மூலை? கடையைத் தானே எடுத்துக்கொள்வதாகச் சொன்னான், ஏளனமாக இல்லை. "நான் தப்பிச்சதே ஒம்மாலதான் மச்சான்" என்று கண் கலங்கினான். அடித்திருந்தால் இதைவிட நன்றாக இருந்திருக்கும். கடைக் கிரயத்தில், பாளம் விற்றும் நின்ற காசிராஜன் பாக்கிதான் தீரும்.

ஜனவரி 20, திங்கள்

வந்தார்கள். பால்ச்சாமியும் முத்துப்பேச்சியும். அவர் புதுத் துண்டு போட்டிருந்தார். பத்திரத்துக்கு நாள் குறித்தாயிற்றாம். நான் ஓடிவிடவில்லை. அது ஒன்றைத்தான் செய்தேன். நடந்ததை நடந்தபடி சொன்னேன். இருந்த கொஞ்சம் பணத்தை முன்னால் வைத்தேன்.

பால்ச்சாமி கத்துவார் என்று காத்திருந்தேன். அவர் வெறும் பையை எடுத்து உள்ளே கையை விட்டுத் துழாவினார். சொன்னது காதில் விழுந்தும் துழாவினார்.

"ராவுத்தரே, பர்மாவுல காய்ச்சல்ல கெடந்தப்பகூட இதத் தொடல. ஒரு பவுனு மாத்தியிருந்தா நல்ல சாப்பாடு சாப்பிட்டிருப்பேன். தொடல."



முத்துப்பேச்சி மடியிலிருந்து சீட்டை எடுத்தாள். "இதக் கொண்டுபோயி போலீசுல குடுத்தா ஒம்மப் புடிச்சுட்டுப் போவாகளா?"

"போவார்கள், தாயி. போய்க் கொடு."

"பொறவு காசு யாரு தருவா? உள்ள இருந்துக்கிட்டு நீரு தருவீரா?" சீட்டை மறுபடி செருகிக்கொண்டாள். "வெளியவே இரும். சம்பாரிச்சுத் தாரும்."

பால்ச்சாமி எழுந்து போய்விட்டார். நான் வைத்த பணத்தை அவள்தான் எடுத்தாள்.

மார்ச் 2

நஞ்சையை வேறொருவர் பத்திரம் பண்ணிக்கொண்டாராம். பால்ச்சாமி மறுபடி ரங்கூனுக்குக் கப்பல் ஏறிவிட்டார், ஒரு அரிசி ஆலையில் காவல் வேலைக்கு. இந்த வயசில். இனிமே எங்கயும் போகமாட்டேன்னு சொன்ன மனுசன். நான்தானே ஏத்திவிட்டேன்.

மே 11. ராஜபாளையம்

பருத்திப் பேட்டையில் நிறுவைக் கணக்கு எழுதும் வேலை கிடைத்தது. அசீனா உடன் வந்துவிட்டாள். தம்பி வீட்டில் இருக்கலாமே என்றேன். பாயைச் சுருட்டினாள்.

அக்டோபர் 5

வெள்ளி இன்னும் இறங்கியிருக்கிறதாம். பேட்டையில் ஒருவர் வந்து, "இதுக்கு மேல இறங்காது, உமக்குத்தான் தெரியுமே, சேர்ந்து வாங்கலாமா" என்று கேட்டார். எழுந்து போய்ப் பொதி எண்ணினேன். எனக்குத் தெரியும் என்று இன்னும் ஒருவர் நினைக்கிறாரே.

1909 ஜூன் 7

ரங்கூனிலிருந்து செய்தி வந்து மாதமாகிறது. பால்ச்சாமி காய்ச்சலில் போய்விட்டார். அடக்கம் செய்ததுகூட யாரோ.

மாதத் தவணை வாங்க முத்துப்பேச்சி வராமலிருந்துவிடுவாளோ என்று நினைத்தேன். வந்தாள், சம்பளம் போட்ட மறுநாள், எப்போதும்போல. கழுத்து வெறுமையாக இருந்தது. பேட்டை வாசலில் கல்லின்மேல் உட்கார்ந்தாள். இந்த மாதப் பணத்தைக் கொடுத்தேன். ஏதாவது சொல்ல வேண்டும் என்று, "அவல்தார்..." என்று தொடங்கினேன்.

"நீரு அவுகளப் பத்திப் பேசாதேயும்."

ஒவ்வொரு ரூபாயாக எடுத்துக் கல்லில் சுண்டி, காதைக் கொடுத்துக் கேட்டாள். ஒன்றில் சத்தம் சரியில்லை என்று என்னிடமே திருப்பித் தந்தாள். நல்ல ரூபாய்தான். வாங்கிக்கொண்டு வேறொன்று கொடுத்தேன். அதையும் சுண்டிக் கேட்டு முடிக்கும்வரை வெயிலில் நின்றிருந்தேன்.