வெனிலா அப்பா

என்னங்க,

நம் பாப்பா வெனிலா இறந்த முப்பதாம் நாள் பூசைக்காகத் திண்டிவனம் மாதா கோயிலுக்குப் போகிறேன். கேப்பைக் கூழும் மல்லாட்டைத் துவையலும் மூடி வைத்திருக்கிறேன், சாப்பிடுங்கள்.

நேற்று ஜெபத்தில் “வானமும் பூமியும் படைத்த” என்றதும் நிறுத்திவிட்டு, “படைச்சவரு எட்டு மாசத்துல ஏன் எடுத்துக்கினாரு?” என்று கேட்டீர்கள். நான் கத்திவிட்டேன். எனக்கும் பதில் தெரியாது. ஆனால் அந்தப் பிஞ்சு விரல்களைச் செய்தவரை விட்டுவிட எனக்கு மனசு வரவில்லை.

பவுலின்

ஒன்று விட்டுப்போச்சு. அவளை அடக்கம் செய்த அன்று, “இனிமே என்னை வெனிலா அப்பான்னு கூப்பிடாத” என்றீர்கள். அன்றிலிருந்து ‘என்னங்க’ என்றுதான் கூப்பிடுகிறேன். படைத்தவர் அவளைத்தான் எடுத்துக்கொண்டார். உங்களை அவளுக்கு அப்பாவாகப் படைத்ததை மாற்றவில்லை. பூசை பதினோரு மணிக்கு. பத்து மணி பஸ்ஸுக்கு வந்துவிடுங்கள், வெனிலா அப்பா.