படுத்துக்கொண்ட துத்தநாகம்

மார்ச் 4, செவ்வாய்

இன்னொரு பேட்டரி செல் போய்விட்டது. காலையில் சோதனை அறைக்குள் நுழைந்தால் திரையில் கோடு தரைக்கு விழுந்து கிடக்கிறது. ஷார்ட். பழைய கதைதான். சார்ஜ் ஏற ஏற, துத்தநாகம் தகட்டின் மேல் சமமாகப் படியாமல் முள் முள்ளாக முளைக்கிறது. ஏதோ ஒரு முள் நடுவிலிருக்கும் தடுப்புத் தாளைக் குத்திக்கொண்டு அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தால் போதும், பேட்டரி காலி.

தகட்டைக் கழற்றி மைக்ரோஸ்கோப் அறையில் நாத்தனாரிடம் கொடுத்தேன். ஊரில் எல்லார் நாத்தனாரும் வெறும் கண்ணால்தான் குறை கண்டுபிடிப்பார்கள். எனக்கு வாய்த்தவள் எலக்ட்ரான் மைக்ரோஸ்கோப் வைத்துக் கண்டுபிடிப்பவள்.

“கள்ளிக்காடு அண்ணி. செருப்பில்லாம நடக்க முடியாது.”

மார்ச் 7, வெள்ளி

ஆய்வகத் தலைவர் கூப்பிட்டு அனுப்பினார். ஏப்ரல் முடிவதற்குள் ஒரு செல்லாவது தாக்குப்பிடிக்க வேண்டும். இல்லையென்றால் சோதனை மேசை வேறு குழுவுக்கு, நான் பெயிண்ட் பிரிவுக்கு.

“துருப்பிடிக்காத பெயிண்டும் நல்ல வேலைதாம்மா.”

நல்ல வேலைதான். என் வேலை இல்லையே! தண்ணீரில் கரைத்த உப்பு, மலிவான உலோகம், தீப்பிடிக்காத பேட்டரி. இது முடியும் என்று இந்தக் கட்டடத்தில் நம்புகிறவள் நான் ஒருத்திதான்.

வீட்டில் இவரிடம் சொன்னேன். “நம்ம கேட்டுக்கு ஓசியில பெயிண்ட் அடிச்சுக்கலாமே” என்றார். முறைத்தேன். கொஞ்ச நேரம் கழித்து அவராகவே டீ போட்டுக்கொண்டு வந்து வைத்தார்.

மார்ச் 12, புதன்

தகட்டின் மேல் புதுப் பூச்சு. அதுவும் புட்டுக்கொண்டது.

மார்ச் 17, திங்கள்

மதியம் சாப்பிட உட்கார்ந்தேன். நாத்தனார் வேகமாக வந்து நின்றாள்.

“அண்ணி, இந்தத் தகட்டோட ஓரத்துக்கு மட்டும் என்ன பண்ணீங்க?”

“ஒண்ணும் பண்ணலையே.”

“பொய் சொல்லாதீங்க. மத்த இடமெல்லாம் முள்ளு. இந்த ஓரம் மட்டும் ஓடு பதிச்ச மாதிரி படுத்துக் கிடக்கு.”

கையிலெடுத்த கவளத்தை டப்பாவிலேயே போட்டேன். என்ன செய்தேன்? யோசித்து யோசித்துக் கடைசியில் பிடிபட்டது. தகடு கைதவறி விழுந்து ஓரம் வளைந்துவிட்டது. அதை நிமிர்த்த, உருளை இயந்திரத்துக்குள் அந்த ஓரத்தை மட்டும் திரும்பத் திரும்ப விட்டு எடுத்தேன். அவ்வளவுதான்.

அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். அழுத்த அழுத்த உலோகத்தின் உள்துகள்கள் எல்லாம் ஒரே பக்கமாகச் சாய்ந்து படுத்திருக்கும், மேலே வந்து படிவதும் அதைப் பார்த்துப் படுத்துக்கொள்கிறது என்றாள்.

“முளைக்காதே முளைக்காதேன்னு தலையில தட்டிக்கிட்டே இருந்தோம் அண்ணி. அது படுக்க யாராவது பாய் விரிச்சோமா?”

கல்யாணமாகி வந்த நாளிலிருந்து இவளோடு வாதாடி வருகிறேன். இன்றுதான் முதன்முறையாகக் கட்டிப்பிடித்தேன். “சாப்பாட்டுக் கை, சாப்பாட்டுக் கை!” என்று கத்தினாள்.

மார்ச் 19, புதன்

முழுத் தகட்டையும் உருட்டினோம். விரிசல் விட்டது. சூடாக்கி உருட்டினோம். விடவில்லை! கைப்பிடியை மாறி மாறிச் சுற்றியதில் இருவருக்கும் தோள் கழன்றுவிட்டது. வீட்டில் தண்ணீர்க் குடத்தைத் தூக்க முடியவில்லை. இவர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, “அடிதடியா?” என்று மெதுவாகக் கேட்டார்.

ஏப்ரல் 2, புதன்

பூச்சு எதுவும் இல்லாத, உருட்டிய தகடு. செல்லை ஓடவிட்டாயிற்று. இனி போய்ப் போய்ப் பார்க்கக் கூடாது.

பார்த்தேன்.

ஏப்ரல் 11, வெள்ளி

மற்ற செல்களெல்லாம் செத்துப்போன வயதைத் தாண்டிவிட்டது. யாரிடமும் சொல்லவில்லை. கண் பட்டுவிடும் போலிருக்கிறது. விஞ்ஞானி பேசுகிற பேச்சா இது?

ஏப்ரல் 21, திங்கள்

நாத்தனார் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க மாட்டாளா? “ரொம்ப ஒழுங்கா ஓடுதே அண்ணி. உள்ளுக்குள்ள மெல்ல ஷார்ட் ஆகிட்டு நடிக்குதோ?”

ஐயோ, இருக்கலாமே! அப்படி நடிச்சு எத்தனை பேரை ஏமாத்தியிருக்கு. நானும் ஏமாந்துட்டேனா? சந்தோஷத்துல கண்ணு மறைஞ்சு போச்சா? அவள்மேல் எரிந்து விழுந்தேன். அவள் சார்ஜ் ஏற்றிய செல்லைக் கழற்றி ஓரமாக வைத்தாள். உள்ளே கசிவு இருந்தால், சும்மா கிடக்கும்போதே சார்ஜ் இறங்கிவிடும்.

ஏப்ரல் 24, வியாழன்

இறங்கவில்லை! வைத்தது வைத்தபடி இருக்கிறது. நடிப்பில்லை, நிஜம். திரும்ப மாட்டி ஓடவிட்டோம். அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். “நல்லவேளை, திட்டினீங்க. இல்லன்னா எனக்கே சந்தேகம் வந்திருக்கும், இது நம்ம அண்ணிதானான்னு” என்றாள்.

ஏப்ரல் 30, புதன்

தலைவர் வந்து திரையின் முன் வெகுநேரம் நின்றார். அதே மாதிரி செய்து பக்கத்தில் ஓடவிட்டிருந்த மற்ற மூன்று செல்களையும் காட்டச் சொன்னார். நாலும் நேர்கோடு. கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தார்.

“அப்ப பெயிண்ட் பிரிவுக்கு வேற ஆள்தான் பாக்கணும்” என்றார். வாசல்வரை போனவர் திரும்பி வந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார். பிறகு நாத்தனாரின் கையை. அவளோ, “சார், மைக்ரோஸ்கோப் அறை ஏசி ஒழுகுது” என்று சமயம் பார்த்துப் போட்டாள்.

ஜூலை 18, வெள்ளி

சாகட்டும் என்று காத்திருந்து அலுத்துப்போய், உயிரோடிருக்கும் செல் ஒன்றை இன்று நிறுத்திப் பிரித்தோம். தகட்டை மைக்ரோஸ்கோப்பில் ஏற்றிய நாத்தனார், திரையைப் பார்க்காமல் எழுந்து நாற்காலியை என் பக்கம் தள்ளினாள்.

“நீங்க பாருங்க அண்ணி, முதல்ல.”

பார்த்தேன். நகர்த்தி நகர்த்தி, மூலைக்கு மூலை பார்த்தேன். சமதரை. ஒரு முள் இல்லை, ஒரு மேடு இல்லை. அவளும் குனிந்து பார்த்தாள்.

மாலை எங்களை அழைத்துப்போக வந்த இவர், வண்டியில் ஏறியதுமே கேட்டார்: “பிரிச்சீங்களா? உள்ள என்ன இருந்துச்சு?”

“ஒண்ணுமே இல்ல!” என்று இருவரும் ஒரே நேரத்தில் சொன்னோம். சொல்லிவிட்டு ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்து சிரித்த சிரிப்பில், பாவம், தன்னைத்தான் ஏதோ சொல்லிச் சிரிக்கிறோம் என்று நினைத்து, வீடு வரும்வரை இவர் உம்மென்று வண்டி ஓட்டினார்.